கம்யூனிட்டி கொடுக்கற டோக்கன் கூலியா, பரிசா? வரிக் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது



ஒரு நாள் காலையில பேங்க் ஆப்பைத் திறக்கறீங்க. போன வருஷம் ஒரே ஒரு தடவை பயன்படுத்தின ஒரு சேவை, "ஆரம்பத்துலேயே எங்களை நம்பி வந்ததுக்கு நன்றி"ன்னு சொல்லி உங்களுக்கு எண்பது, தொண்ணூறாயிரம் ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கு. நீங்க அதைக் கேட்கவும் இல்ல, அதுக்கு அப்ளை பண்ணவும் இல்ல. எந்த பேங்க்கும் இப்படிப் பண்ணாது. ஆனா 2020 செப்டம்பர்ல பிளாக்செயின் உலகத்துல கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அதைப் பண்ணினது யூனிஸ்வாப்.

யூனிஸ்வாப் என்பது ஒரு கிரிப்டோ டோக்கனைக் கொடுத்து இன்னொரு டோக்கனை வாங்க உதவும் ஒரு தளம். நடுவுல புரோக்கர் கிடையாது, எல்லாத்தையும் ஒரு மென்பொருள்தான் செய்யுது. 2020 செப்டம்பர் 1-க்கு முன்னாடி அதை ஒரு தடவையாவது பயன்படுத்தின ஒவ்வொரு வாலட் முகவரிக்கும் 400 யூனி டோக்கன் தருவதாக அறிவிச்சாங்க. மொத்தம் 2,51,534 முகவரிகள். ஆரம்ப நாள்ல ஒரு யூனி சுமார் 3 டாலருக்குக் கைமாறியது. 2021 மே மாசம் அதே டோக்கன் 44 டாலரைத் தொட்டது. அதாவது விற்காம வச்சிருந்தவருக்கு 400 டோக்கனின் மதிப்பு 17,000 டாலருக்கும் மேல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தப் பட்டியல்ல சுமார் 12,000 முகவரிகள் ஒரு பரிவர்த்தனையைக்கூட வெற்றிகரமா முடிக்காதவை. முயற்சி பண்ணி, ஃபெயில் ஆகி, கட்டணத்தை மட்டும் இழந்தவங்க. அவங்களுக்கும் அதே 400. ஹோட்டலுக்குள்ள போய் "சாப்பாடு தீர்ந்துடுச்சு சார்"ன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்தவருக்கும் ஓனர் பங்கு கொடுத்த மாதிரி.

ஏன் கொடுத்தாங்க? பெருந்தன்மை மட்டும் காரணம்னு நினைக்க வேண்டாம். அதுக்கு முந்தின மாசம், ஆகஸ்ட் 2020-ல, சுஷிஸ்வாப்னு ஒரு போட்டித் தளம் வந்தது. யூனிஸ்வாப்போட கோட் எல்லாரும் பார்க்கக்கூடிய திறந்த மூலம். அதை அப்படியே நகல் எடுத்து, "யூனிஸ்வாப்ல போட்டிருக்கற பணத்தை எங்ககிட்ட கொண்டு வாங்க, எங்க டோக்கனைத் தரோம்"னு கூப்பிட்டாங்க. நிறைய பேர் போனாங்க. கோடை யார் வேணா நகல் எடுக்கலாம், நகல் எடுக்க முடியாதது அதைப் பயன்படுத்தற கூட்டத்தைத்தான்னு அப்போ எல்லாருக்கும் புரிஞ்சது. அந்தக் கூட்டத்தைத் தக்க வைக்கணும்னா அதுக்கு ஒரு பங்கு கொடுக்கணும். நம்ம ஆபீஸ்ல ரிடென்ஷன் போனஸ் எதுக்குக் கொடுக்கறாங்களோ, அதே கதைதான்.

எதை அளக்கறாங்களோ, அதைத்தான் மக்கள் செய்வாங்க

யூனிஸ்வாப் கொடுத்தது முடிஞ்சு போன விஷயத்துக்கு. யாரும் எதிர்பார்க்கல, அதனால யாரும் நடிக்கவும் இல்ல. ஆனா அடுத்து வந்த ஒவ்வொரு தளத்துலயும் மக்கள் எதிர்பார்ப்போடதான் உள்ளே வந்தாங்க. "இவங்களும் ஒரு நாள் டோக்கன் கொடுப்பாங்க, இப்பவே நாலு தடவை பட்டனை அமுக்கி வைப்போம்" என்ற மனநிலை.

ஆபீஸ்ல வேலை பார்க்கறவங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல. மாசத்துக்கு எத்தனை டிக்கெட் மூடினேன்னு கணக்கெடுத்து ரேட்டிங் போட்டா, ஒரே பிரச்சினையை நாலு டிக்கெட்டா உடைச்சு மூடறவர்தான் முதல்ல வருவார். உண்மையில சர்வரைக் காப்பாத்தினவருக்கு "மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்".

பிளாக்செயின்ல இது இன்னும் மோசம். ஏன்னா அங்க வாலட் முகவரி உருவாக்க ஆதார், பான் எதுவும் வேண்டாம். ஒரே ஆள் உட்கார்ந்து ஆயிரம் முகவரி உருவாக்கலாம். இதுக்கு அவங்க வச்சிருக்கற பேர் "சிபில்" தாக்குதல். நம்ம லோன் ஸ்கோர் சிபிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, உச்சரிப்பு மட்டும்தான் ஒண்ணு. ஒரு ஆள் பல ஆளா வேஷம் போட்டு வரிசையில நிக்கறதுதான் இந்த சிபில்.

ஆர்பிட்ரம் 2023 மார்ச் 23-ல தன் டோக்கனைக் கொடுத்தபோது இதைச் சமாளிக்கப் பார்த்தது. ஒரு தடவை பயன்படுத்தினா போதும்னு விடாம, எத்தனை மாசமா பயன்படுத்தறீங்க, எத்தனை பரிவர்த்தனை, எவ்வளவு தொகைன்னு புள்ளி போட்டாங்க. குறைந்தபட்சம் 625 டோக்கன், அதிகபட்சம் 10,250. தகுதி பெற்ற முகவரிகள் 6,25,143. அதுக்கு முன்னாடியே ஒரே ஆளுடையதுன்னு சந்தேகப்பட்ட முகவரிக் கூட்டங்களை நீக்கினாங்க. ஒரு முகவரியிலிருந்து பல முகவரிக்குப் பணம் போயிருக்கா, எல்லாம் வரிசையா ஒரே மாதிரி நடந்துக்குதான்னு பார்ப்பாங்க. ஜிஎஸ்டியில போலி பில் கும்பலைப் பிடிக்கற மாதிரியான வேலை.

2024-ல லேயர்ஸீரோ இன்னும் ஒரு படி மேல போனது. "நான் பல முகவரி வச்சு ஏமாத்தினேன்னு நீங்களே ஒத்துக்கிட்டா, உங்களுக்கு வரவேண்டியதுல 15% தரோம். ஒத்துக்காம மாட்டினா ஒண்ணும் கிடையாது. அடுத்தவரைக் காட்டிக் கொடுத்தா அவர் பங்குல 10% உங்களுக்கு." தாமா முன்வந்து வருமானத்தைச் சொல்லும் திட்டமும் இன்ஃபார்மர் வெகுமதியும் ஒரே அறிவிப்புல! வருமான வரித் துறை இதைப் படிச்சிருந்தா சிரிச்சிருக்கும்.

எழுதினதுக்குக் கூலி: ரெடிட் மூன்ஸ்

பட்டனை அமுக்கறதை விட்டுடுவோம். உட்கார்ந்து எழுதறது, கேள்விக்குப் பதில் சொல்றது, குப்பைப் பதிவுகளை நீக்கறது, இதுக்கெல்லாம் கூலி கொடுக்க முடியுமா? ரெடிட் தளம் 2020 மே மாசத்துல இதை முயற்சி பண்ணிப் பார்த்தது. அங்க இருக்கற கிரிப்டோகரன்சி குழுவுல "மூன்ஸ்"னு ஒரு டோக்கன். உங்க பதிவுக்கும் கமெண்ட்டுக்கும் மத்தவங்க போடற ஓட்டை வச்சு கர்மா புள்ளி சேரும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் புள்ளிக்குத் தக்கபடி டோக்கன் பங்கிடுவாங்க.

இதுல ஒரு நல்ல யோசனை இருந்தது. குழுவோட முடிவுகள்ல ஓட்டுப் போடறபோது, உழைச்சுச் சம்பாதிச்ச மூன்ஸுக்குத்தான் எடை. காசு கொடுத்து வாங்கினதுக்கு ஓட்டு எடை கிடையாது. சம்பாதிச்சதை வித்துட்டா உங்க ஓட்டு எடையும் குறையும். பணமும் குரலும் ஒரே டோக்கன்ல இருந்தாலும், பணத்தால குரலை வாங்க முடியாதபடி ஒரு பூட்டு.

ஆனா மக்கள் மக்கள்தான். டோக்கனுக்குச் சந்தை விலை வந்ததும் எது ஓட்டு வாங்குமோ அதை எழுத ஆரம்பிச்சாங்க. சிரிப்புப் பதிவுகள், "இன்னைக்கு விலை ஏறும்" மாதிரி ஜால்ராக்கள். நிதானமா நாலு மணி நேரம் செலவழிச்சு ஒரு திட்டத்தோட கோடைப் படிச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சு எழுதினவருக்கு அந்த அளவு ஓட்டு வராது. விதிகளைத் திரும்பத் திரும்ப மாத்தி இதைச் சரி பண்ணப் பார்த்தாங்க.

2023 அக்டோபர் 17-ல ரெடிட் அறிவிச்சது, இந்தத் திட்டத்தை நவம்பர் ஆரம்பத்தோட நிறுத்தறோம்னு. பெரிய அளவுல விரிவாக்க முடியல, ஒழுங்குமுறைச் சூழலும் சரியில்லன்னு காரணம் சொன்னாங்க. மூன்ஸ் விலை சீக்கிரமே 80 சதவீதத்துக்கும் மேல விழுந்தது. அறிவிப்பு பொதுவுல வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி சில மாடரேட்டர்கள் வித்துட்டதா குற்றச்சாட்டும் கிளம்பியது. அப்புறம் அந்தக் கம்யூனிட்டியே டோக்கனைத் தங்கள் கையில எடுத்துக்கிட்டாங்க, அது வேற கதை. மூணு வருஷமா எழுதி எழுதிச் சேர்த்தவரோட சேமிப்பு ஒரு அறிவிப்புல கரைஞ்சது.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்னா, "டிசென்ட்ரலைஸ்டு"ன்னு பேர் இருந்தாலும், கூலியை நிறுத்தற சுவிட்ச் யார் கையில இருக்குன்னு பார்க்கணும். மூன்ஸ் விஷயத்துல பங்கீட்டை நடத்தினது ஒரு அமெரிக்க நிறுவனம்.

சக ஊழியரே அப்ரைசல் பண்ணினா?

வேற வழிகளையும் முயற்சி பண்ணியிருக்காங்க. எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டது கோஆர்டினேப். யேர்ன் ஃபைனான்ஸ்னு ஒரு குழுவுக்குள்ள 2021-ல உருவானது. அங்க மேனேஜர் இல்ல. குழுவுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலகட்டத்துக்கு 100 "கிவ்" புள்ளி. அதைத் தனக்கே வச்சுக்க முடியாது, சக உழைப்பாளிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். கடைசியில யாருக்கு எவ்வளவு வந்திருக்கோ அந்த விகிதத்துல பணம்.

கணக்கு எளிது. பத்து பேர், மொத்தம் 1,000 புள்ளி, பட்ஜெட் 5,000 டாலர்னு வச்சுக்குங்க. உங்களுக்கு மத்தவங்க கொடுத்தது 180 புள்ளின்னா 18%, அதாவது 900 டாலர். பெல் கர்வ் இல்ல, ஸ்கிப் லெவல் மீட்டிங் இல்ல. ஆனா "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்" வரும். சத்தமில்லாம வேலை பார்க்கறவரை யாருக்கும் ஞாபகம் வராது. நல்லாப் பேசறவருக்குப் புள்ளி சேரும். நம்ம ஆபீஸ்ல பார்க்காததா?

கிட்காயின் எடுத்த வழி வேற. பொதுவான மென்பொருள் வேலைக்குப் பணம் ஒதுக்கும்போது, நன்கொடையின் தொகையை விட நன்கொடையாளர்களோட எண்ணிக்கைக்கு எடை அதிகம். குவாட்ராட்டிக் ஃபண்டிங்னு பேர். ஒவ்வொருத்தர் கொடுத்ததுக்கும் வர்க்கமூலம் எடுத்து, எல்லாத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு வர்க்கம். ஒரே ஆள் 100 ரூபாய் கொடுத்தா வர்க்கமூலம் 10, வர்க்கம் 100. அதே 100 ரூபாயை நூறு பேர் ஆளுக்கு 1 ரூபாயா கொடுத்தா கூட்டுத்தொகை 100, வர்க்கம் 10,000. பொதுநிதியில கிடைக்கற பங்கு இந்த விகிதத்தைப் பொறுத்தது. ஒரு பணக்காரரோட விருப்பத்தை விட நூறு பேரோட தேவை மேல வரும். அழகான கணக்கு. ஆனா இங்கயும் ஒரே ஆள் நூறு பேரா வந்தா கதை முடிஞ்சது. அதனால ஆளை அடையாளம் காணற வேலைக்கே அவங்க தனியா ஒரு கருவி உருவாக்க வேண்டியிருந்தது.

ஆப்டிமிசம் யோசிச்சது இப்படி: எது எதிர்காலத்துல உபயோகமா இருக்கும்னு சண்டை போடறதை விட, எது ஏற்கனவே உபயோகமா இருந்ததுன்னு ஒத்துக்கறது சுலபம். அதனால முதல்ல வேலை, அப்புறம் வெகுமதி. தேர்ந்தெடுத்த ஆட்கள் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. முதல் சுற்று 2021 கடைசியில, 10 லட்சம் டாலர், 58 திட்டங்கள். 2024 ஜனவரியில முடிவு வந்த மூணாவது சுற்றுல 3 கோடி ஓபி டோக்கன், 501 திட்டங்கள். கோட் எழுதினவங்களோட சேர்த்து, பாடம் எழுதினவங்க, புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்களுக்கும் போச்சு.

என்னைக் கேட்டா, இதுவரைக்கும் பார்த்ததுல இதுதான் கொஞ்சம் நியாயமானது. மெஷின் எண்ணறதை விட மனுஷன் பார்த்து முடிவு பண்றது மெதுவா நடக்கும், சிபாரிசும் உள்ளே வரும். ஆனா ஆயிரம் தடவை பட்டன் அமுக்கினவரை எந்த மனுஷனும் "உழைப்பாளி"ன்னு ஒத்துக்க மாட்டான்.

இப்ப நம்ம பாக்கெட்டுக்கு வருவோம்

உங்கள்ல சிலர் சனி ஞாயிறுல ஓப்பன் சோர்ஸ் கோட் எழுதறீங்க, டிஸ்கார்டுல மாடரேட்டரா இருக்கீங்க, தமிழ்ல மொழிபெயர்த்துக் கொடுக்கறீங்க. டோக்கன் வருது. கேள்வி: இது கூலியா, பரிசா? கம்யூனிட்டி இதை "ரிவார்டு", "கிராண்ட்", "ஏர்டிராப்", "நன்றி"ன்னு எப்படி வேணா கூப்பிடலாம். வருமான வரிச் சட்டத்துக்கு அது எதுக்காக வந்ததுங்கறதுதான் முக்கியம். சட்டத்துல "ஏர்டிராப்"ங்கற வார்த்தையே கிடையாது, அதனால பொதுவான விதிகளை வச்சுத்தான் பார்க்கணும்.

நீங்க ஒரு வேலை செஞ்சு, அதுக்காக டோக்கன் வந்தா அது வருமானம். பக் கண்டுபிடிச்சதுக்கு, கட்டுரை எழுதினதுக்கு, மாடரேட்டர் வேலைக்கு வந்ததெல்லாம் இதுல சேரும். வந்த நாளில் அதோட சந்தை மதிப்பு என்னவோ, அந்த ரூபாய்க்கு உங்க ஸ்லாப் விகிதப்படி வரி. தொடர்ந்து செய்யறீங்கன்னா தொழில் வருமானம், எப்பவாவது ஒரு தடவைன்னா இதர வருமானம்.

எதுவுமே பிரதியா கொடுக்காம, யூனிஸ்வாப் மாதிரி சும்மா வந்து விழுந்தா? பிரிவு 56(2)(எக்ஸ்)-ல "சொத்து"ங்கற வரையறைக்குள்ள, விர்ச்சுவல் டிஜிட்டல் சொத்தையும் 2022 ஏப்ரல் முதல் சேர்த்துட்டாங்க. ஒரு நிதியாண்டுல இப்படி இலவசமா வந்த அசையும் சொத்துகளோட மொத்த மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டினது மட்டும் இல்ல, முழுத் தொகையும் உங்க வருமானம். தாண்டலன்னா வந்த நேரத்துல வரி இல்ல, ஆனா விக்கும்போது வாங்கின விலை பூஜ்ஜியம்னு ஆகி முழுத் தொகைக்கும் 30% வரும். "ஏர்டிராப்புக்கு வந்தபோது வரியே கிடையாது, விக்கும்போது மட்டும் கட்டினா போதும்"னு வாதிடறவங்களும் இருக்காங்க. பெரிய தொகைன்னா அந்த வாதத்தை நம்பி நான் என் கிளையண்ட்டை உட்கார வைக்க மாட்டேன்.

ரெண்டாவது கட்டம் விற்பனை. பிரிவு 115பிபிஎச், 30% வரி, மேல 4% செஸ். வந்தபோது வருமானமா காட்டின மதிப்பு, இங்க வாங்கின விலையா எடுத்துக்கப்படும். அதைத் தவிர வேற எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு டோக்கனை இன்னொரு டோக்கனா மாத்தினாலும் அது விற்பனைதான். இங்க சொன்ன பிரிவு எண்கள் பழைய சட்டத்தோடது, 2026 ஏப்ரல் 1 முதலான புது வருமான வரிச் சட்டத்துல எண்கள் வேற, அதனால எண்ணைத் தேடிக் குழம்பாதீங்க.

இங்கதான் உண்மையான வலி. வந்த நாளில் விலை உச்சத்துல இருக்கும், எல்லாரும் விக்கறதால அப்புறம் விழும். நீங்க விழுந்த பிறகு வித்தா நஷ்டம். அந்த நஷ்டத்தை எதோடயும் ஈடு கட்ட முடியாது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கார்த்திக்னு ஒருத்தர், 20% ஸ்லாப். செய்த வேலைக்கு வந்த டோக்கன், வந்த அன்னைக்கு மதிப்பு 1,20,000 ரூபாய். வரி 24,000, செஸ் 960, மொத்தம் 24,960. "இன்னும் ஏறும்"னு வச்சிருந்தார். மார்ச்ல வித்தபோது கிடைச்சது 30,000. நஷ்டம் 90,000, அது செத்துப் போச்சு. அதே வருஷம் வேற ஒரு காயின்ல 40,000 லாபம். அதுக்கு 30% பிளஸ் செஸ், 12,480. ஆக வரி 37,440. அவர் கைக்கு அந்த வருஷம் உண்மையில வந்தது 30,000 பிளஸ் 40,000, மொத்தம் 70,000. பாதிக்கு மேல வரிக்கே போயிடுச்சு.

இதையே உங்க கம்பெனி கொடுக்கற ஆர்எஸ்யூ-வோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுவும் ரெண்டு கட்டம்தான்: பங்கு கைக்கு வர்ற நாளில் சம்பள வருமானம், விக்கும்போது மூலதன ஆதாயம். ஆனா அங்க முதல் கட்ட வரிக்குக் கம்பெனியே கொஞ்சம் பங்கை வித்தோ, சம்பளத்துல பிடிச்சோ டிடிஎஸ் கட்டிடும். பங்கு விலை விழுந்தா மூலதன நஷ்டம்னு காட்டி, விதிகளுக்கு உட்பட்டு மத்த மூலதன ஆதாயத்தோட ஈடு கட்டலாம், 8 வருஷம் வரைக்கும் எடுத்துட்டும் போகலாம். டோக்கன்ல இந்த ரெண்டு பாதுகாப்பும் இல்ல. ரெண்டாவதை நம்மால மாத்த முடியாது, சட்டம். முதலாவதை நாமே பண்ணிக்கலாம்: டோக்கன் வந்த அன்னைக்கே, வரிக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவையாவது வித்து ரூபாயா மாத்தி ஒதுக்கி வைங்க. அன்னைக்கே வித்தா வாங்கின விலையும் வித்த விலையும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால 30% வரி பெருசா வராது. கார்த்திக் அப்படிப் பண்ணியிருந்தா, டோக்கன் விழுந்தாலும் வரிக்குச் சம்பளத்துலேர்ந்து எடுக்க வேண்டியிருக்காது.

இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியா வித்தா 1% டிடிஎஸ் பிடிப்பாங்க, அது உங்க 26ஏஎஸ்-ல தெரியும், ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்ல வச்சிருந்தா வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்ஏ கேள்வியும் வரும், அதைத் தனியா உங்க ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க. இன்னொரு சுலப வழி நிறைய பேருக்குத் தெரியாது: இந்த வருமானத்தை உங்க பேரோல் டீம்கிட்ட "இதர வருமானம்"னு டிக்ளேர் பண்ணினா, அவங்க சம்பளத்துலேயே சேர்த்து டிடிஎஸ் பிடிச்சுடுவாங்க. அட்வான்ஸ் டாக்ஸ் வட்டித் தலைவலி குறையும். பேரோல்ல இருக்கறவங்களுக்கு உங்க கிரிப்டோ கதை தெரிய வேண்டாம்னா, நீங்களே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிடுங்க.

அது தெரிய வேண்டாம்னு நினைக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கலாம். உங்க அப்பாயிண்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வெளி வேலை பற்றிய பத்தியைப் படிங்க. நிறைய ஐடி கம்பெனிகள்ல அனுமதியில்லாம வேற இடத்துல ஊதியத்துக்கு வேலை பார்க்கக் கூடாதுன்னு இருக்கும். ஆபீஸ் லேப்டாப்ல எழுதின கோட் யாருக்குச் சொந்தம்னும் இருக்கும். ரிட்டர்ன்ல "தொழில் வருமானம்"னு காட்டிட்டு, ஆபீஸ்ல "அது சும்மா ஒரு ஹாபி"ன்னு சொன்னா பொருந்தாது. எழுதி அனுமதி வாங்கிடறது நல்லது.

ரெக்கார்டு விஷயம். டோக்கன் உங்க வாலட்டுக்கு வந்த தேதி, நேரம், எண்ணிக்கை, அன்னைய ரூபாய் மதிப்பு, எந்தத் தளத்துலேர்ந்து விலை எடுத்தீங்க, எதுக்காக வந்தது. ஒரு ஷீட்ல ஒரு வரி, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். பட்டியல்ல உங்க பேர் வந்த நாள் வேற, நீங்க கிளெய்ம் பண்ணி வாலட்டுக்கு வந்த நாள் வேற. உங்க கட்டுப்பாட்டுக்கு வந்த நாளைத்தான் நான் எடுப்பேன். இந்த வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 அல்லது ஐடிஆர்-3. பிளாக்செயின்ல நடந்த எதுவும் அழியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்குங்க. உங்க கேஒய்சி ஒரு இந்திய எக்ஸ்சேஞ்ச்ல இருக்கு, அங்கேர்ந்து உங்க வாலட்டுக்கு ஒரே ஒரு டிரான்ஸ்ஃபர் போயிருந்தா போதும், பின்னாடி போய்த் தேடறது கஷ்டமில்ல.

கிளெய்ம்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. பெரிய ஏர்டிராப் அறிவிப்பு வந்தாலே கூடவே போலி கிளெய்ம் தளங்களும் முளைக்கும். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். வாலட்டை இணைச்சு ஒரு அனுமதியில கையெழுத்து போட்டா, உள்ளே இருக்கற மத்த டோக்கன் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுவாங்க. டிஸ்கார்டுல, டெலிகிராம்ல வர்ற லிங்க் எதையும் அமுக்காதீங்க. திட்டத்தோட அதிகாரப்பூர்வ தளத்துக்கு நீங்களே டைப் பண்ணிப் போங்க. பெரிய தொகை இருக்கற வாலட்டையும் கிளெய்ம் பண்ற வாலட்டையும் தனித்தனியா வச்சுக்குங்க. திருட்டுப் போன டோக்கனுக்கும் வந்த நாளில் வருமானம் காட்டியிருந்தா வரி வரிதான்.

அடுத்த வீடியோவுல ஷெட்யூல் விடிஏ-வை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோட நிரப்பிக் காட்டறேன். கார்த்திக்கோட அதே கணக்கைத்தான் எடுத்துக்கப் போறேன்: 1,20,000 எந்த ஷெட்யூல்ல போகும், 30,000 விற்பனை எந்த வரியில வரும், 90,000 நஷ்டத்தைப் போட்டா போர்ட்டல் எப்படி அதைப் பூஜ்ஜியமாக்குதுன்னு பார்க்கலாம். உங்ககிட்ட இந்த வருஷம் வந்த டோக்கன் இருந்தா, அதுக்குள்ள அந்த ஷீட்டை ரெடி பண்ணி வைங்க.